நவம்பர் 9 மீது பழி போடலாமா?

ஜெர்மனியில் நவம்பர் 9-க்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது: விதியின் நாள். ஏன் என்று கேட்டால் ஐந்து ஆண்டுகளைச் சொல்வார்கள். 1848-இல் அந்தத் தேதியில் ராபர்ட் ப்ளும் என்ற மக்களாட்சிப் போராளியை வியன்னாவில் ராணுவம் சுட்டுக் கொன்றது. 1918-இல் அதே தேதியில் கைசரின் முடியாட்சி சரிந்து ஜெர்மனி குடியரசானது. 1923-இல் மியூனிக் நகரில் ஹிட்லரின் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1938-இல் நாடு முழுக்க யூதர்களின் கடைகள் நொறுக்கப்பட்டன, தொழுகைக்கூடங்கள் எரிந்தன. 1989-இல் பெர்லின் சுவர் திறந்துகொண்டது. நல்லதும் கெட்டதுமாக இத்தனையும் ஒரே தேதியில் வந்து விழுந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் சிலிர்க்கும். நாளும் கிழமையும் பார்த்தே பழகிய நமக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஐந்தில் முதலும் கடைசியும் வெறும் தற்செயல். நடுவில் இருக்கும் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுத்து வந்தவை. இழுத்த கைகளுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. எல்லாவற்றையும் விதி என்ற ஒரே மூட்டையில் கட்டும்போது அந்தப் பெயர்கள்தான் முதலில் காணாமல் போகின்றன.

முதலில் தற்செயலைப் பற்றி. ஓர் அறையில் எத்தனை பேர் கூடினால் அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்டும்? ஆண்டுக்கு 365 நாள் இருப்பதால் 180 பேராவது வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். கணக்கு 23 பேரே போதும் என்கிறது. ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் ஒப்பிடுகிறோம். 23 பேரில் 253 ஜோடிகள் அமைகின்றன. அத்தனை ஜோடியில் ஒன்று பொருந்திப்போவது பெரிய அதிசயமில்லை. மூன்று பேருக்கு ஒரே நாள் அமைய 88 பேர், நான்கு பேருக்கு 187 பேர், ஐந்து பேருக்கு 313 பேர் இருந்தால் அதே பாதிக்குப் பாதி வாய்ப்பு வந்துவிடும். பிறந்தநாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வரலாற்று நிகழ்ச்சிகளை வைத்துப் பாருங்கள். 1848 முதல் 1989 வரையிலான ஜெர்மன் வரலாற்றில் புத்தகத்தில் இடம்பெறத் தகுந்த 313 நிகழ்ச்சிகளைத் திரட்டுவது எந்த வரலாற்று ஆசிரியருக்கும் ஒரு மாலை வேலை. அப்படியானால் ஐந்து நிகழ்ச்சிகள் ஏதோ ஒரு தேதியில் கூடி நிற்பது எதிர்பார்க்க வேண்டியதே. அது நவம்பர் 9 ஆக அமைந்தது. மார்ச் 14 ஆக அமைந்திருந்தால் மார்ச் 14-ஐ விதியின் நாள் என்றிருப்பார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பிறந்தநாள் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான்; இந்த ஐந்தும் சாதாரண நிகழ்ச்சிகளா, மிகப் பெரியவை அல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஜெர்மனியின் தலையெழுத்தை மாற்றிய நாட்களை வேறு வரிசையிலும் அடுக்கலாம். ஹிட்லர் பிரதமரானது 1933 ஜனவரி 30. போலந்துக்குள் படை நுழைந்தது 1939 செப்டம்பர் 1. சரணடைந்தது 1945 மே 8. கிழக்கு ஜெர்மனித் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தது 1953 ஜூன் 17. பெர்லின் சுவரை எழுப்பத் தொடங்கியது 1961 ஆகஸ்ட் 13. இவற்றில் ஒன்றுகூட நவம்பர் 9-ஐத் தொடவில்லை. விதி ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஹிட்லர் பதவியேற்ற நாளை விட்டுவிட்டிருக்குமா? ப்ளுமின் மரணம் துயரமானதுதான். ஃப்ராங்ஃபர்ட் நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பாதுகாப்பு இருந்தும் ஆஸ்திரியப் படை அவரைச் சுட்டது, 1848 புரட்சி தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாகவும் ஆனது. ஆனால் பின்னால் வந்த நான்கும் இல்லாதிருந்தால், அவர் இறந்த தேதியை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்? தேதி பொருந்தியதால்தான் அவருக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது. தேதி பொருந்தியும் இடம் கிடைக்காதவர்கள் உண்டு. நெப்போலியன் பாரிஸில் ஆட்சியைக் கைப்பற்றியது 1799 நவம்பர் 9. அதன் பலனை ஜெர்மன் நாடுகள் 15 ஆண்டுகள் அனுபவித்தன. பெர்லினில் வாழ்ந்த ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு என்று ஸ்வீடன் முடிவெடுத்தது 1922 நவம்பர் 9. விதிக்கு இயற்பியலில் அக்கறை இல்லை போலும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த நிகழ்ச்சிகள் ஒரு தேதிக்குள் அவ்வளவு ஒழுங்காக அடங்குவதில்லை. ஹிட்லர் மியூனிக் மதுக்கூடத்துக்குள் கைத்துப்பாக்கியோடு நுழைந்தது நவம்பர் 8 இரவு. 1938-இன் வன்முறை ஹெஸ்ஸெ பகுதியில், காசல் போன்ற ஊர்களில் 7-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. பெரும்பகுதி நடந்தது 9 நள்ளிரவுக்குப் பிறகு, அதாவது 10-ஆம் தேதி. சுவர் விஷயத்திலும் கூட்டம் கூட்டமாக மேற்கே போய் ஆடிப்பாடியதில் பாதி 10-ஆம் தேதிக் கணக்கில்தான் வரும். 1918 புரட்சி கீல் துறைமுகக் கடற்படையில் நவம்பர் முதல் வாரத்தில் வெடித்தது. மியூனிக்கில் 7-ஆம் தேதி இரவே பவேரிய மன்னராட்சி கவிழ்ந்துவிட்டது. பெர்லின் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. நீண்ட நிகழ்ச்சியிலிருந்து ஒரு நாளை மட்டும் வெட்டியெடுத்து அதற்குப் பெயர் வைப்பது பின்னால் வருபவர்கள் செய்யும் வேலை. ஷேக்ஸ்பியரும் செர்வான்டெஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் மறைந்தார்கள் என்று சொல்வதும் இப்படித்தான். இங்கிலாந்தும் ஸ்பெயினும் அப்போது வெவ்வேறு நாட்காட்டிகளைப் பின்பற்றின. இரண்டுக்கும் இடையே 10 நாள் வித்தியாசம். போதாக்குறைக்கு செர்வான்டெஸ் இறந்தது 22-ஆம் தேதி, அடக்கம்தான் 23. ஆனாலும் உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23-இல்தான் கொண்டாடப்படுகிறது, அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் வருவது நடுவில் இருக்கும் மூன்று நிகழ்ச்சிகளில். அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1918 நவம்பர் 9 சனிக்கிழமை. முதல் உலகப் போர் தோற்றுவிட்டது, போர்நிறுத்தம் இரண்டே நாளில் வரப்போகிறது. பெர்லினில் பொது வேலைநிறுத்தம், தொழிலாளர்களும் படைவீரர்களும் தெருவில். கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் பெல்ஜியத்தில் ஸ்பா என்ற ஊரில் ராணுவத் தலைமையகத்தில் உட்கார்ந்துகொண்டு பதவி விலக மறுத்துக்கொண்டிருந்தார். பொறுமை இழந்த பிரதமர் இளவரசர் மாக்ஸ், கைசரின் ஒப்புதல் இல்லாமலே நண்பகல் வாக்கில் அவர் பதவி துறந்துவிட்டார் என்று அறிவித்தார். தன் பதவியைச் சமூக ஜனநாயகக் கட்சியின் ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட்டிடம் கொடுத்தார். அதே கட்சியின் ஃபிலிப் ஷைடமான் அப்போது நாடாளுமன்ற உணவகத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் எழுதினார். இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் சோஷலிசக் குடியரசை அறிவிக்கப் போகிறார் என்ற செய்தி எட்டியதும், முந்திக்கொள்ளும் அவசரத்தில் எழுந்து போய் வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துக் குடியரசை அறிவித்துவிட்டார். அதை முடிவு செய்ய உனக்கு என்ன உரிமை என்று ஏபர்ட் கோபப்பட்டார். இரண்டு மணி நேரம் கழித்து லீப்க்னெக்ட் அரண்மனையிலிருந்து தன் குடியரசை அறிவித்தார். ஒரே பிற்பகலில் இரண்டு குடியரசுகள்! ப்ளும் இறந்த 70-ஆம் ஆண்டு நினைவு இந்த அவசரத்தில் ஒரு பங்கும் வகிக்கவில்லை. கைசரின் பிடிவாதமும் தெருவின் கொதிப்பும்தான் நாளைக் குறித்தன.

அன்று முதல் வலதுசாரிகளுக்கு நவம்பர் 9 ஒரு கறுப்பு நாள். போர்க்களத்தில் தோற்காத படையை முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய்யை அவர்கள் பரப்பினார்கள். குடியரசைக் கொண்டுவந்தவர்களை ‘நவம்பர் குற்றவாளிகள்’ என்று அழைத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பணவீக்கத்தில் நாடு நொறுங்கிக் கிடந்தது. 1923 நவம்பர் முடிவதற்குள் ஒரு டாலர் வாங்க 4.2 லட்சம் கோடி மார்க் வேண்டும் என்ற நிலை. ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கத் திட்டமிட்டதற்கு இந்தச் சூழலும், முந்தைய ஆண்டு இத்தாலியில் முசோலினி பெற்ற வெற்றியும் காரணம். ஆனால் நாளைப் பற்றிய விவரம் சுவாரஸ்யமானது. அவர் குழு முதலில் குறித்து வைத்தது சில நாள் கழித்து. பவேரியாவின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த குஸ்டாவ் ஃபான் கார், 8-ஆம் தேதி மாலை பியூர்கர்ப்ராய்கெல்லர் என்ற பெரிய மதுக்கூடத்தில் கூட்டம் போடுகிறார் என்று தெரிந்ததும், எல்லாப் பெருந்தலைகளும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பார்கள் என்று திட்டத்தை முன்னே இழுத்தார்கள். மறுநாள் முதல் உலகப் போர்த் தளபதி லூடன்டார்ஃபும் ஹிட்லரும் நடத்திய ஊர்வலத்தை ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே மண்டபத்தருகே காவல்துறை சுட்டுக் கலைத்தது. காவலர்கள் 4 பேரும், நாஜிகள் தங்கள் தியாகிகள் என்று கணக்கு வைத்த 16 பேரும் இறந்தார்கள். பகை 1918-இலிருந்து வந்தது. தேதியை மட்டும் கார் போட்ட கூட்டம் கொண்டுவந்து சேர்த்தது. பகையையும் தேதியையும் கலந்துவிட்டால் கணக்குத் தப்பும்.

ஹிட்லருக்குக் கிடைத்தது ஐந்தாண்டுச் சிறை. 1924 டிசம்பரில் வெளியே வந்துவிட்டார். ஒரு கேலிக்கூத்தாக மறந்துபோயிருக்க வேண்டிய நிகழ்ச்சி அது. நாஜிகள் மறக்க விடவில்லை. 1933-இல் ஆட்சிக்கு வந்ததும் ஆண்டுதோறும் நவம்பர் 8, 9 இரண்டு நாளும் மியூனிக்கில் திருவிழா. 8-ஆம் தேதி இரவு அதே மதுக்கூடத்தில் ஹிட்லர் பேசுவார்; 9-ஆம் தேதி பழைய பாதையிலேயே ஊர்வலம் போகும்; 1923-இல் ரத்தம் தோய்ந்த கொடியை ஏந்திச் செல்வார்கள். இறந்த 16 பேரின் உடல்களையும் 1935-இல் தோண்டியெடுத்துக் கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் கட்டிய இரு மண்டபங்களில் வைத்தார்கள். நாள் செய்வது நல்லார் செய்யார் என்பது நம்மூர்ப் பழமொழி. மியூனிக்கில் நடந்தது தலைகீழ். நாளுக்குத் தானாக எந்த வேகமும் இல்லை. அதற்குக் கொடி பிடித்து, மண்டபம் கட்டி, ஆண்டுதோறும் ஆட்களை வரவழைத்து, வேகத்தை ஊட்டினார்கள். இந்த ஆட்களை வரவழைக்கும் ஏற்பாட்டில்தான் 1938-இன் முடிச்சு இருக்கிறது.

1938 அக்டோபர் இறுதியில் ஜெர்மனி தன் நாட்டில் வசித்த போலந்துக் குடியுரிமை கொண்ட யூதர்கள் சுமார் 17,000 பேரை எல்லைக்கு ஓட்டிச் சென்று தள்ளியது. அவர்களில் ஹானோவரைச் சேர்ந்த க்ரின்ஷ்பான் குடும்பமும் ஒன்று. அந்தக் குடும்பத்தின் 17 வயது மகன் ஹெர்ஷெல் பாரிஸில் இருந்தான். நவம்பர் 7 காலை அவன் ஜெர்மன் தூதரகத்துக்குப் போய் எர்ன்ஸ்ட் ஃபோம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். ஃபோம் ராத் உடனே இறக்கவில்லை. இரண்டு நாள் இழுத்துக்கொண்டிருந்து 9-ஆம் தேதி மாலை உயிர்விட்டார். இந்தப் பொருத்தம் தற்செயல், அதை மறுக்க முடியாது. ஆனால் செய்தி போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். மியூனிக் பழைய நகராட்சி மண்டபத்தில் 1923-இன் நினைவு விருந்து நடந்துகொண்டிருந்தது. நாடெங்கிலுமிருந்து கட்சியின் மாவட்டத் தலைவர்கள், புயல்படைத் தளபதிகள் எல்லோரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஹிட்லர் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுடன் தாழ்ந்த குரலில் பேசிவிட்டு, வழக்கமாக ஆற்றும் உரையை ஆற்றாமலே எழுந்து போனார். இரவு 10 மணி வாக்கில் கோயபல்ஸ் எழுந்து பேசினார். ஆர்ப்பாட்டங்களைக் கட்சி முன்நின்று நடத்தாது, தானாக எழுந்தால் தடுக்கவும் செய்யாது என்ற தோரணையில் அவர் பேசியதன் உட்பொருள் கேட்டவர்களுக்கு நன்றாகவே விளங்கியது. பேச்சு முடிந்ததும் மண்டபத்திலிருந்தவர்கள் தொலைபேசிகளை நோக்கி ஓடினார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊருக்கு உத்தரவு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது அரசு எந்திரத்தின் வேலை. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்பு ரகசியக் காவல்துறையின் ஹைன்ரிஷ் ம்யுல்லர் எல்லாக் கிளைகளுக்கும் தந்தி அனுப்பினார். அதிகாலை 1.20-க்குப் பாதுகாப்புக் காவல்துறைத் தலைவர் ரைன்ஹார்ட் ஹைட்ரிஷ் விரிவான தந்தி ஒன்றை அனுப்பினார்: ஜெர்மானியர்களின் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து வரக் கூடாது, பக்கத்துக் கட்டடத்துக்குத் தீ பரவாத இடத்தில் மட்டும் தொழுகைக்கூடங்களை எரிக்கலாம், சிறைகள் கொள்ளும் அளவுக்கு வசதியான யூத ஆண்களைக் கைது செய்ய வேண்டும். தீயணைப்பு வண்டிகள் வந்து நின்று, எரியும் தொழுகைக்கூடத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் அடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழுகைக்கூடங்கள் பாழாயின, சுமார் 7,500 கடைகள் நொறுங்கின. இறந்தவர்கள் 91 பேர் என்பது நாஜிகள் சொன்ன கணக்கு. அதைவிட மிக அதிகம் என்பதே வரலாற்றாசிரியர்களின் முடிவு. சுமார் 30,000 யூத ஆண்களை டாஹாவ், பூகன்வால்ட், சாக்ஸன்ஹௌசன் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். 12-ஆம் தேதி ஹிட்லரின் அமைச்சர் கோரிங் கூட்டம் கூட்டி, யூதர்களே 100 கோடி மார்க் அபராதம் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார். மக்களின் கோபம் தானாகப் பொங்கியது என்று அரசு சொல்லிக்கொண்டது. அந்தப் பொய்க்கு விதியின் நாள் என்ற சொல் இன்றும் தெரியாமல் துணை போகிறது என்பதே என் புகார். விதி தந்தி அனுப்பாது.

ஃபோம் ராத் இரண்டு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ இறந்திருந்தால் வன்முறை நடந்திருக்காதா என்று கேட்கலாம். நடந்திருக்கக் கூடும். யூதர்களை நாட்டை விட்டு விரட்டும் கொள்கை அந்த ஆண்டு முழுவதும் இறுகிக்கொண்டே வந்தது. ஆஸ்திரியாவை விழுங்கிய மார்ச் மாதமே வியன்னா தெருக்களில் கொடுமைகள் அரங்கேறின. ஆனால் ஒரே இரவில், ஒரே நேரத்தில், நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்திருக்குமா? அதற்கு எல்லாத் தளபதிகளும் ஒரே அறையில், விருந்து உண்ட தெம்பில், பழைய வஞ்சத்தைப் பேசிக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்காரவைத்தது 1923-இன் நினைவு நாள். 1923-ஐ ஏவியது 1918 மீதிருந்த வஞ்சம். இங்கே தேதி ஒரு காரணமாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காரணமாகும் வழி மட்டும் மர்மமானதில்லை: நாட்காட்டியைப் பார்த்து ஆட்கள் கூடினார்கள், கூடியவர்கள் கையில் அதிகாரம் இருந்தது.

இதற்கு எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று கிடைக்கிறது, அது இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. க்யோர்க் எல்ஸர் என்று ஒரு தச்சர், வ்யுர்ட்டம்பெர்க் பகுதிக்காரர். எந்தக் குழுவையும் சேராமல் தனியாளாக ஹிட்லரைக் கொல்ல முடிவெடுத்தார். ஹிட்லர் எப்போது எங்கே இருப்பார் என்பது பெரும்பாலும் கடைசி நேரம் வரை தெரியாது. ஆண்டில் ஓர் இரவு மட்டும் விதிவிலக்கு: நவம்பர் 8, பியூர்கர்ப்ராய்கெல்லர். 1938 விழாவின்போதே மியூனிக் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார் எல்ஸர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் முதல் 30-க்கும் மேற்பட்ட இரவுகள் அந்தக் கூடத்துக்குள் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னாலிருந்த தூணைக் குடைந்து, கடிகாரத்தோடு வெடிகுண்டைப் பொருத்தினார். 1939 நவம்பர் 8 அன்று மூடுபனி. விமானம் வேண்டாம், ரயிலில் பெர்லின் திரும்பலாம் என்று ஹிட்லர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு 9.07-க்குக் கிளம்பிவிட்டார். குண்டு 9.20-க்குச் சரியாக வெடித்தது. 8 பேர் இறந்தார்கள். எல்ஸரை 1945 ஏப்ரல் 9 அன்று டாஹாவ் முகாமில் கொன்றார்கள். நாஜிகள் ஊட்டி வளர்த்த அதே தேதியின் ஒழுங்கு அவர்கள் தலைவரைத் தீர்த்துக்கட்டவும் 13 நிமிட தூரத்தில் வந்து நின்றது. நினைவு நாள் ஒரு சந்தை நாளைப் போல: யார் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், வியாபாரியும் வரலாம், முடிச்சவிழ்ப்பவனும் வரலாம்.

1989-க்கு வருவோம். இங்கே இந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. கிழக்கு ஜெர்மனி அரசைத் திணறடித்த மக்கள் இயக்கத்தின் திருப்புமுனை அக்டோபர் 9. அன்று லைப்சிக் நகரில் சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள், ராணுவம் சுடவில்லை. நவம்பர் 9-இல் நடந்தது ஓர் அலுவலகக் குளறுபடி. வெளிநாட்டுப் பயண விதிகளைத் தளர்த்தும் ஆணையைக் கட்சித் தலைவர் ஈகோன் க்ரென்ஸ், செய்தித் தொடர்பாளர் க்யுன்டர் ஷபோவ்ஸ்கியின் கையில் கொடுத்தார். ஆணை பற்றிய விவாதத்தில் ஷபோவ்ஸ்கி இருக்கவில்லை. மறுநாள் அதிகாலை 4 மணிக்குத்தான் வெளியிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மாலைச் செய்தியாளர் கூட்டத்தின் கடைசியில் தாளை எடுத்து வாசித்தார். எப்போதிலிருந்து என்ற கேள்விக்குத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். மேற்கு ஜெர்மனித் தொலைக்காட்சி எல்லை திறந்துவிட்டது என்றது. கிழக்கு பெர்லின்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு எல்லைச் சாவடிகளில் குவிந்தார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியின் பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகருக்கு மேலிடத்திலிருந்து உருப்படியான பதில் எதுவும் வரவில்லை; இரவு 11.30 வாக்கில் அவரே கதவைத் திறந்துவிட்டார். திட்டமிட்டபடி எல்லாம் நடந்திருந்தால் மக்கள் 10-ஆம் தேதி காலை வரிசையில் நின்று விசா வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நவம்பர் 9 என்ற தேதியை ஷபோவ்ஸ்கியின் தவறும் யேகரின் துணிவும் நள்ளிரவுக்கு அரை மணி நேரம் இருக்கையில் பிடித்துத் தந்தன. 1938-இல் உத்தரவு மேலிருந்து கீழே பாய்ந்தது; 1989-இல் மேலே உத்தரவே இல்லாமல் கீழே இருந்தவர் முடிவெடுத்தார். இரண்டையும் ஒரே விதியின் இரு முகங்கள் என்று எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

தேதிகளை மனிதர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பதும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஜெர்மனியிலேயே ஜனவரி 18 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1701-இல் அந்த நாளில் கோனிக்ஸ்பெர்க்கில் பிரஷ்யாவின் முதல் மன்னர் முடிசூடினார். 1871-இல் அதே நாளைப் பொறுக்கியெடுத்து வெர்சாய் அரண்மனையில் ஜெர்மன் பேரரசை அறிவித்தார்கள். தோற்ற பிரான்ஸ் அதை மறக்கவில்லை. 1919-இல் பாரிஸ் அமைதி மாநாட்டை ஜனவரி 18 அன்றே தொடங்கியது. மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டத்தை 1949 மே 8 நள்ளிரவுக்குள் நிறைவேற்றினார்கள், சரணடைந்த நாளின் நான்காம் ஆண்டு நிறைவு அது. நமக்கும் இது புதிதில்லை. 1930-இல் காங்கிரஸ் விடுதலை நாளாகக் கடைப்பிடித்த ஜனவரி 26-ஐக் கௌரவிக்கவே அரசியல் சட்டம் 1950-இல் அந்நாளில் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுத்தது ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நாள் என்பதற்காக என்று மவுண்ட்பேட்டன் பின்னாளில் சொன்னார். இத்தகைய பொருத்தங்களைப் பார்த்து யாரும் வியப்பதில்லை, தேர்ந்தெடுத்தவர் யார் என்று தெரிவதால். கெட்ட நோக்கத்தோடு தேர்ந்தெடுப்பவர்களும் இருக்கிறார்கள். 1969 நவம்பர் 9 அன்று மேற்கு பெர்லின் யூத சமூக மையத்தில் 1938-இன் நினைவுக் கூட்டம் நடந்தபோது ஒரு தீவிர இடதுசாரிக் குழு அங்கே குண்டு வைத்தது, நல்லவேளை வெடிக்கவில்லை. அதையும் விதியின் கணக்கில் எழுதுவதா?

கடைசியாக ஒரு மறுப்பு, இதுதான் வலுவானது. பட்டப்பெயர் பிழையாகவே இருக்கட்டும், இந்த நிகழ்ச்சிகளை ஒன்றாக நினைப்பதால் மக்கள் தங்கள் வரலாற்றின் வெளிச்சத்தையும் இருட்டையும் சேர்த்தே பார்க்கிறார்களே, அது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான், எப்படி நினைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து. 2021-இல் ஜெர்மன் குடியரசுத் தலைவர் ஃப்ராங்க்-வால்டர் ஸ்டைன்மையர் தன் மாளிகையில் 1918, 1938, 1989 மூன்றையும் சேர்த்து ஒரு நினைவு நிகழ்ச்சி நடத்தினார். மூன்றைப் பற்றியும் தனித்தனியாகப் பேசினார்கள். அப்படிப் பிரித்துப் பேசினால் எதற்கு எது காரணம் என்று தெரியும். ஒரே மூச்சில் அடுக்கினால், குடியரசு பிறந்ததும் தொழுகைக்கூடம் எரிந்ததும் ஒரே காலநிலையின் மழையும் வெயிலும் மாதிரி ஆகிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து ஆண்டுகளையும் கற்பிக்கும் ஆசிரியர், முதல் கேள்வியாக ‘எவற்றுக்கிடையே தொடர்பு இருக்கிறது, எவற்றுக்கிடையே இல்லை’ என்று கேட்டுவிட்டால் போதும், அந்தத் தேதியைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஜெர்மன் அரசியல்வாதிகளுக்கு இந்தச் சிக்கல் 1990-லேயே நேரடியாக வந்து சேர்ந்தது. ஒன்றுபட்ட நாட்டுக்கு ஒரு தேசிய நாள் வேண்டும். சுவர் திறந்த நவம்பர் 9-ஐ வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். உலகமே தொலைக்காட்சியில் பார்த்த நாள் அது. ஆனால் யூதர்களின் கடைகள் நொறுங்கிய நாளில் பட்டாசு வெடிப்பது எப்படி? தேர்வானது அக்டோபர் 3. அந்தத் தேதிக்குப் பின்னால் எந்தப் புரட்சியும் இல்லை, கூட்டமும் இல்லை. அது நாடாளுமன்றக் கால அட்டவணையில் பிறந்தது. கிழக்கு ஜெர்மனி நாடாளுமன்றம் ஆகஸ்ட் 23 அதிகாலை வாக்களித்து இணைப்பு நாளைக் குறித்தது. ஐரோப்பிய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் அக்டோபர் 1, 2 தேதிகளில் நியூயார்க்கில் கூடி விவரம் அறிந்துகொள்ள வேண்டும், அதற்குப் பிறகு வர வேண்டும். கிழக்கு ஜெர்மனி பிறந்த அக்டோபர் 7-க்கு முன்பும் வர வேண்டும், இல்லையென்றால் அந்த நாடு தன் 41-ஆம் பிறந்தநாளையும் கொண்டாடிவிடும். உணர்ச்சி இல்லாத தேதி என்று அக்டோபர் 3-ஐப் பலரும் குறை சொல்கிறார்கள். நவம்பர் 9-க்கு உணர்ச்சியை ஊட்டி வளர்த்தவர்கள் யார் என்று பார்த்தபின் எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பெர்லினில் ஹரால்ட் யேகர் கதவைத் திறந்துவிட்ட போர்ன்ஹோல்மர் பாலத்தருகே ஒரு சதுக்கம் இருக்கிறது. நகராட்சி அதற்கு வெறுமனே நவம்பர் 9 சதுக்கம் என்று பெயர் வைக்கவில்லை. பலகையில் ஆண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறது: நவம்பர் 9, 1989 சதுக்கம்.